கடலிலிருந்து எண்ணும் வீடுகள்

“நீ ஒரு வார்த்த சொல்லு மே. போவட்டா, இருக்கட்டா?”

“என்ன எதுக்குக் கேக்குறே? ஒன் வேல, ஒன் இஷ்டம்.”

“அப்டிலாம் சொல்லாத. போன்னா போறேன். இருன்னா இருந்துர்றேன்.”

“இருந்து இன்னா பண்ணுவே? ஆர்பர்ல மூட்ட தூக்குவியா? கப்பல வுட்டா ஒனக்கு வேற இன்னா தெரியும்?”

“அதான் கேக்குறேன். இன்னா சொல்றே?”

“போ.”

ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்த பேச்சு இது. ராயபுரத்தில் கடற்படைக் கப்பல்களைப் பழுது பார்க்கும் பட்டறையை, அங்கிருப்பவர்கள் பேச்சில் ‘யாடு’, இழுத்து மூடிய அன்று, பெரிய கேட்டுக்கு எதிரே நின்று டில்லிபாபுவும் யசோதராவும் பேசியது. நாலு வயது மதி அம்மாவின் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். “போ” என்ற அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு டில்லிபாபு விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறினான். அங்கே ஒரு கப்பல் பட்டறையில் அதே வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை வருவான், பத்து நாள் இருப்பான், போவான்.

ஒவ்வொரு முறை புறப்படும்போதும் யசோதரா கருவாடு, மாங்காய் ஊறுகாய், இட்லிப்பொடி என்று பையை அடைத்துக் கொடுப்பாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “வேற இன்னா?” என்பான். “ஒண்ணியும் இல்ல” என்பாள் இவள். அந்த ‘ஒண்ணியும் இல்ல’வுக்குள்ளே என்னவெல்லாம் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரியாமலா ஒரு ஆள் குடும்பம் நடத்துவான்?

இப்போது பட்டறை இருந்த இடம் முழுக்க மாறப்போகிறது. கேட்டுக்குப் பக்கத்தில் லாரி உயரத்துக்கு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார்கள். அடுக்கு வீடுகள், கீழே கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஆபீஸ் கட்டடங்கள், கடலை ஒட்டி மரம் நட்ட நடைபாதை. பழைய பெரிய ஷெட் மார்க்கெட்டாகிறது. கப்பல்களைக் கடலிலிருந்து இழுத்து ஏற்றும் சரிவு, பட்டறைக்காரர்கள் ‘சிலிப்பு’ என்று கூப்பிடுவது, அது மட்டும் அப்படியே இருக்கும்; ஜனங்கள் உட்கார்ந்து காற்று வாங்கப் படிக்கட்டு மாதிரி.

“எல்லாம் சரிதான் யசோ,” என்றாள் பக்கத்து வீட்டு அஜீசா. வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். எதையும் அளந்துதான் பார்ப்பாள். “இத்தினி பேர வரஞ்சிருக்கானே, ஒருத்தியாவது துணி காயப் போடுறாளா பாரு. அம்மாம் பெரிய கட்டடத்துல ஒரு கொடிகூட இல்ல. இவன் வூட்ல யாரு துவைக்கிறது?”

யசோதரா சிரித்தாள். ஆனால் மறுநாள் கேட்டில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தபோது இரண்டு பேருக்குமே சிரிப்பு வரவில்லை.

பட்டறை ஊழியர்களுக்காக அந்தக் காலத்தில் ஆறு வரிசை வீடுகள் கட்டியிருந்தார்கள். ‘லைன் வூடு’ என்பார்கள். ஒரு லைனுக்கு இருபத்தொரு வீடு. அவற்றில் இப்போது ஆள் இருப்பது நாலு லைனில்தான். குடியிருப்பவர்களுக்குத்தான் புதுக் கட்டடத்தில் முதலில் வீடு, அதே இடத்தில், வேறெங்கும் துரத்த மாட்டோம் என்று திட்ட அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் மனு எழுதிக் கொடுத்தார்கள். பெயர், கதவு எண், லைன் எண். பட்டியலில் மூணாவது லைனும் நாலாவது லைனும் வந்திருந்தன. முதல் லைன், இரண்டாவது லைன் இரண்டிலும் ஒரு பெயர்கூட இல்லை. எதிரே ஒரே வரி: ‘ஆள் குடியில்லை, மனு தள்ளுபடி.’

யசோதராவின் வீடு இரண்டாவது லைனில் பதினோராவது. அஜீசாவினுடையது பன்னிரண்டு.

“ஆள் குடியில்லையா? அப்ப நான் இன்னா பிசாசா?” என்று அஜீசா கேட்டில் நின்றே கத்தினாள்.

தெருமுனை பூத்திலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போன் செய்த யசோதரா, “லிஸ்ட்ல பேரு வரல” என்று மட்டும்தான் சொன்னாள். வா என்று சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் டில்லிபாபு பையோடு வாசலில் நின்றான். அவனைப் பார்த்ததும் அவள் பையை வாங்கி உள்ளே வைத்தாள். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், “லீவு எப்டிக் குட்த்தான்?” என்று கேட்டாள்.

“குட்த்தான். வெள்ளிக்கெழம ரயிலு.”

அன்று திங்கள்.

மனு தள்ளுபடியான நாற்பத்திரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் பத்துப் பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். பொறியாளர் சுப்புராஜ் தெற்கத்திக்காரர். கோபக்காரர் இல்லை, ஆனால் அலுத்துப் போயிருந்தார்.

“நான் என்னம்மா செய்ய? சர்வே எடுத்தவங்க நேர்ல போய்ப் பாத்திருக்காங்க. ரெண்டு லைனும் பூட்டிக் கெடக்கு. கூரையே இல்ல. அதுல குடியிருக்கோம்னு நாப்பத்திரண்டு பேர் எழுதிக் குடுத்தா நான் எப்படி நம்ப?”

“கூரை இல்லியா? எத்தினி மழ பேஞ்சாலும் எங்கூட்ல ஒரு சொட்டு ஒழுகாது சார்,” என்றான் டில்லிபாபு.

“போட்டோ இருக்குய்யா. எல்லாத்துக்கும் போட்டோ இருக்கு. புதன்கிழமை வாங்க, ஃபைலை எடுத்து வைக்கேன்.”

அன்று சாயங்காலம் டில்லிபாபு சாப்பிட்டு முடித்து, கை கழுவாமல் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே மதி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது; காது மட்டும் இந்தப் பக்கம்.

“யசோ, இது சரிப்படலன்னு வச்சுக்கோ. அங்க குவாட்டர்ஸ் கேட்டா குடுப்பான். நீயும் மதியும் வந்துருங்க.”

“மதி இஸ்கூலு?”

“அங்கயும் இஸ்கூலு கீது.”

“எஞ் சத்துணவு வேல?”

மாநகராட்சிப் பள்ளியில் இருநூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிற வேலை அது. அவன் இல்லாத ஏழு வருஷமும் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது அதுதான். அது அவனுக்கும் தெரியும்.

“ஒனக்கு வேற எதுனா தோணுதா?” என்று கேட்டான்.

தோன்றியது. ஏழு வருஷமாகத் தோன்றிக்கொண்டிருந்தது. இவள் சொல்லி அவன் தங்கி, கப்பல் இல்லாத கரையில் வாடிப்போனால்? அப்புறம் ஆயுசு முழுக்க அந்த முகத்தை இவள்தானே பார்க்க வேண்டும். நாமாகச் சொல்லக் கூடாது, அவனாகத் தங்கட்டும் என்று நினைத்தாள்.

“ஒண்ணியும் இல்ல,” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மதி நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

தட்டைத் தேய்க்கும்போது யசோதராவுக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில் சாப்பாடு எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போயிருந்தாள். சிலிப்பின் உச்சியில், கப்பலை இழுக்கும் எந்திரம் இருந்த வின்ச்சு ரூமில் டில்லிபாபு உட்கார்ந்திருந்தான். யானையை உருட்டி வைத்தது போல இரும்புக் கயிறு சுற்றிய பெரிய உருளை. கீழே தண்ணீர்க்கரையில் ஒரு கப்பல் ஏறக் காத்திருந்தது. உருளை மறைப்பதால் வின்ச்சுக்காரனுக்குக் கப்பல் தெரியாது. கரையில் நிற்பவன் ‘ஹாபீஸ்’ என்று கத்தினால் இழுக்க வேண்டும், ‘ஆரியா’ என்றால் தளர்த்த வேண்டும். கரையிலிருந்தவன் கையை ஆட்டினான். இவள் எட்டிப் பார்த்து, “கை காட்றான்யா, இழு” என்றாள். டில்லிபாபு அசையவில்லை.

“கை காட்னா இழுக்கக் கூடாது. இப்டித்தான் நெனச்சிருப்பான்னு நானா நெனச்சி இழுக்கவே கூடாது. கொரலு வரணும்.” இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. “ஒரு தபா நானா நெனச்சி இழுத்தேன். கயிறு அறுந்து வந்து போட்டுச்சு. அதோட சரி.”

அன்றைக்கு அது பட்டறைப் பேச்சாகத்தான் பட்டது. இப்போது தட்டைக் கவிழ்த்து வைக்கும்போது அவள் கை ஒரு நொடி நின்றது.

புதன்கிழமை சுப்புராஜ் சொன்னபடி ஃபைலை எடுத்து வைத்திருந்தார். ‘லைன் 1’, ‘லைன் 2’ என்று தலைப்புப் போட்டுப் போட்டோக்கள். பூட்டிய கதவுகள், சரிந்த ஓடு, ஒரு வீட்டின் கூரையைப் பிளந்துகொண்டு நிற்கும் அரசமரம். யசோதரா குனிந்து பார்த்தாள்.

“இந்த மரம் எனக்குத் தெரியும் சார். இது ஆறாவது லைன்ல கீது.”

“ஆறாவது இல்லம்மா. ஒண்ணாவது. பிளான்ல போட்டிருக்கே, ஒண்ணு.”

“ஆறாவது சார். அங்க யாரும் இல்ல. யாடு மூடுன மறுவருசமே எல்லாம் காலி பண்ணிகினு போய்ட்டாங்கோ. ரோட்டுக்குப் பக்கத்துல, சினிமா போஸ்டர் ஒட்டுற செவுரு...”

“அதத்தான் நானும் சொல்லுதேன். ரோட்டுப் பக்கம். ரோட்டிலிருந்து முதல் வரிசை.”

யசோதரா நிமிர்ந்தாள். “நீங்க எங்கேர்ந்து எண்ணுனீங்க?”

“எங்கேர்ந்து எண்ணுவாங்க? ரோட்டிலிருந்துதான். கேட் வழியா உள்ள வந்தா முதல்ல வாறது ஒண்ணு.”

டில்லிபாபு வாய்விட்டுச் சிரித்தான். அஜீசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதுல சிரிக்க என்ன இருக்கு?” என்றார் சுப்புராஜ்.

“சார்,” என்றாள் யசோதரா, “யாட்டுல எதையும் ரோட்டுலேர்ந்து எண்ண மாட்டாங்கோ. தண்ணிலேர்ந்துதான் எண்ணுவாங்கோ. கப்பலு கடல்லேர்ந்துதானே வருது? சிலிப்பு, ஷெட்டு, கிரேனு, வூடு, எல்லாத்துக்கும் கடல் பக்கம்தான் ஒண்ணு. நாங்க ரெண்டாவது லைனுன்னா கடல்லேர்ந்து ரெண்டாவது. ஒங்க கணக்குக்கு அது அஞ்சு.”

சுப்புராஜ் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். ஃபைலைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. “அஞ்சு, ஆறு லைன்ல நாப்பத்திரண்டு வீட்டிலயும் ஆள் இருக்கு, ஆனா ஒரு மனுகூட வரலன்னு சர்வேயர் எழுதியிருக்கார். யாரோ அத்துமீறி உள்ள வந்து உக்காந்திருக்காங்கன்னு நான் நெனச்சேன்.”

“அது நாங்கதான் சார்,” என்றாள் அஜீசா. “அத்துமீறி பதினெட்டு வருசமா ஜாக்கெட் தச்சிகினு கீறேன்.”

சுப்புராஜுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அரசாங்கக் கோப்பு வாய்வார்த்தைக்கு மசியாது. “எனக்குப் புரியுதும்மா. ஆனா மேல கேட்டா நான் என்ன காட்ட? சுவத்துல எங்கயாவது நம்பர் எழுதியிருக்கா?”

இருந்தது. ஆனால் வருஷா வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் அதன் மேல் எல்லோருமாகச் சேர்ந்து சுண்ணாம்பு அடித்துவிட்டிருந்தார்கள். ஒன்று எங்கே, இரண்டு எங்கே என்று பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இடத்தில் எவன் எண்ணைக் காப்பாற்றி வைப்பான்? எழுத்து கறுப்பு, பார்க்கக் கலீஜாக இருக்கிறது என்று முதலில் அடித்தவளே யசோதராதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் கடல் பக்கத்து வரிசைக்கு நடந்தார்கள். வரிசையின் ஓரச் சுவரில், தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், “இங்கதான்” என்று டில்லிபாபு தட்டிக் காட்டினான். சுரண்ட என்ன இருக்கிறதென்று தேடுவதற்குள் அஜீசா தன் வீட்டுக்கு ஓடித் தோசைத் திருப்பியோடு வந்தாள்.

“புதுசு. ஜாக்கிரத,” என்று யசோதராவிடம் நீட்டினாள்.

டில்லிபாபு ஒரு பழைய டிரம்மை உருட்டி வந்து போட்டு, அது ஆடாமல் பிடித்துக்கொண்டான். யசோதரா ஏறி நின்று சுரண்டினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாகப் பெயர்ந்து அவன் தலையில் விழுந்தது. வெள்ளை, அதற்கடியில் நீலம் கலந்த வெள்ளை, அதற்கடியில் யாரோ ஒரு வருஷம் ஆசைப்பட்டு அடித்த ரோஸ். வெற்றுச் செங்கல் வந்துவிடுமோ என்று திருப்பியை மெதுவாக ஓட்டினாள். முதலில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. பிறகு ஒரு கோடு. கப்பலுக்கு அடிக்கும் தாரால், ஒரு முழ நீளத்தில் எழுதியிருந்தது: 1.

கீழே நின்றவர்கள் கத்திய கத்தலில் காகங்கள் எழுந்து பறந்தன. சுப்புராஜ் தானே போட்டோ எடுத்தார். பிறகு இரண்டாவது லைனுக்குப் போய் 2 என்பதையும் சுரண்டச் சொல்லி எடுத்தார். கட்டையாக, தெளிவாக, இத்தனை வருஷச் சுண்ணாம்புக்கும் அசராமல் நின்றது அது.

யசோதரா டிரம்மிலிருந்து இறங்கினாள். டில்லிபாபு கை கொடுத்தான். அவன் தலை, புருவம், மீசை எல்லாம் சுண்ணாம்பு.

“கெயவன் மாரி கீறே,” என்றாள்.

“நீ மட்டும் இன்னாவாம். கெயவிக்கு ஏத்த கெயவன்.”

வியாழக்கிழமை மத்தியானமே புதுப் பட்டியல் கேட்டில் வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெயரும் இருந்தன. யசோதரா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பசை இன்னும் காயவில்லை. அஜீசா இருபது டம்ளர் டீ வாங்கி வந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்தாள். கேட்டுப் படத்தைக் காட்டி, “என் வூடு எதுன்னு சொல்லு. நான் கொடி கட்டிட்டுத்தான் மறுவேல பார்ப்பேன்” என்றாள்.

அன்று சாயங்காலம் டில்லிபாபுவைக் காணவில்லை. சுப்புராஜ் வந்து அழைத்துப் போனார் என்று மதி சொன்னாள். போகும்போது கேட்டிருக்கிறாள்: “நைனா, நாளிக்கு நீ போறியா?” அவன், “ஒங்கம்மா ஒண்ணும் சொல்லலியே” என்று சொன்னானாம். எட்டாத உயரத்தில் இருக்கிற பொருளை எடுத்துத் தரச் சொல்லும் குரலில் மதி அதைச் சொன்னாள்.

யசோதரா தேடிக்கொண்டு போனாள். அவன் எங்கே இருப்பான் என்று தெரியாதா? வின்ச்சு ரூமின் கூரை போய்விட்டிருந்தது. உருளை மட்டும் துருவேறி நின்றது. அதற்குப் பின்னால், தன் பழைய இடத்தில் டில்லிபாபு உட்கார்ந்திருந்தான்.

“சுப்புராஜ் சார் இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள்.

“மண்ணுக்கடில எங்க தண்டவாளம் போவுது, எங்க பள்ளம் மூடுனாங்கோ, ஒரு பிளான்லயும் சரியா இல்லியாம். எல்லாம் தலகீழா எண்ணி வச்சிருப்பான்னு அவருக்கு இப்ப பயம் வந்துட்ச்சு.” சிரித்தான். “கூடவே இருந்து காட்றியான்னு கேட்டாரு. இந்த வின்ச்சையும் ரிப்பேர் பண்ணி நிறுத்தணுமாம், ஜனங்க பாக்க.”

“நீ இன்னா சொன்னே?”

“ஆறு மாசந்தான் உறுதியாம். அப்பால அவரால ஒண்ணும் சொல்ல முடியாதாம். அங்க பர்மனென்டு.”

ஆறு மாசத்தை நம்பி ஒரு ஆளைத் தங்கச் சொல்ல முடியுமா? இது நல்ல வேலையாக, ஆயுசுக்கும் உறுதியான வேலையாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பாள்! அப்படியொரு சாக்கு கிடைக்கட்டும் என்றுதான் ஏழு வருஷமும் காத்திருந்தாள். கிடைத்தது அரைச் சாக்கு.

முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வராது என்று தோன்றியது. சிலிப்பின் சரிவில் இறங்கினாள். பாசி பிடித்த கல், துருப்பிடித்த தண்டவாளம். தண்ணீர் வந்து காலைத் தொடும் இடம் வரை போனாள். காசிமேட்டுப் பக்கத்தில் விசைப்படகுகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. திரும்பி மேலே பார்த்தாள். உருளை மறைத்தது. அவன் அங்கேதான் இருக்கிறான், ஆனால் இங்கிருந்து தெரியவில்லை. அவனுக்கும் இவள் தெரிய மாட்டாள்.

கொரலு வரணும்.

“யோவ்!” என்றாள். அலைச் சத்தத்தில் அது பாதி தூரம்கூடப் போகவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள். “யோவ், டில்லி!”

“இன்னா மே?”

“நாளிக்கு ரயிலு எத்தினி மணிக்கு?”

“காலைல எட்டே முக்கா!” பிறகு மேலேயிருந்து அந்தப் பழைய கேள்வி வந்தது. “வேற இன்னா?”

அலை ஒன்று வந்து கணுக்காலை நனைத்துவிட்டுப் போனது. நடைபாதைக்காகக் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நினைத்தாள் யசோதரா. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, ராயபுரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

“போவாதய்யா! வேல கெடைக்குதோ இல்லியோ, எங்கூடவே இங்கயே இருந்துரு!”